படைவீரருக்கு நன்றி சொல்வது ஏன்? அவர்களுக்கு நாம் பட்டுள்ள கடன் எது?

வினா: பண்டாரவளை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். பண்டாரவளைக்கு அண்மையிலுள்ள ஒரு தமிழ்ப் பாடசாலையில் குடியுரிமைக் கல்வி கற்பித்து வருகிறேன். தரம் 10 மாணவி ஒருத்தி வகுப்பில் ஒரு கேள்வி கேட்டாள். அவளுடைய மாமா குடும்பம் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே கடைத்தெருவிலும் விமான நிலையத்திலும் முன்பின் தெரியாதவர்கள்கூட ஓய்வுபெற்ற இராணுவத்தினரைக் கண்டால் நின்று, கைகொடுத்து, “உங்கள் சேவைக்கு நன்றி” என்று சொல்லிவிட்டுப் போகிறார்களாம். “நாமும் அப்படிச் சொல்ல வேண்டுமா டீச்சர்?” என்பதுதான் அவளுடைய கேள்வி. அதைக் கேட்டதும் வகுப்பு இரண்டு பக்கமாகப் பிரிந்துவிட்டது. “உயிரைக் கொடுக்கப் போனவர்களுக்கு ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்?” என்று சிலர் கேட்டார்கள். ஒரு மாணவன் மட்டும் எழுந்து, “எங்கள் சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டு போனவர்களுக்கா?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தான்.

எங்கள் பிள்ளைகளுக்கு இராணுவம் தொலைவில் உள்ள ஒன்றன்று. தென்னாபிரிக்காவில் நடந்த போயர் யுத்தத்தின் கைதிகளை அடைத்து வைப்பதற்காக 1900 ஆம் ஆண்டில் பிரித்தானியர் முகாம் அமைத்த தியத்தலாவை எங்களுக்குப் பக்கத்து ஊர். இன்று நாட்டின் இராணுவ அதிகாரிகள் பயிற்சி பெறுவதும் அங்கேதான். சீருடை அணிந்த இளைஞர்களோடு ஒரே பஸ்ஸில் பயணம் செய்துதான் எங்கள் பிள்ளைகள் பாடசாலைக்கு வருகிறார்கள்.

எனக்கு வேறொரு தயக்கமும் உண்டு. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிகுதிப் பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று பங்கிடப்பட்டு, 1988 ஆம், 2003 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வந்த பிறகே முழுமையாகக் குடிமக்கள் என்று ஏற்கப்பட்ட மலையகத் தமிழ்ச் சமூகத்தின் பேரப்பிள்ளைகள் இவர்கள். இவர்களிடம் “குடிமக்கள் அனைவரும் படைவீரருக்குக் கடன்பட்டவர்கள்” என்று எந்த முகத்தோடு சொல்வது? அதே வேளையில், ஊன்றுகோலோடு பிரதேச செயலகத்து வரிசையில் நிற்கும் முன்னாள் சிப்பாயைக் கண்டும் காணாததுபோல் போகும்படி கற்பிக்கவும் என் மனம் ஒப்பவில்லை. நன்றி என்பது எங்கிருந்து வருகிறது, கடன் என்பது எங்கிருந்து வருகிறது என்று இங்குள்ளவர்கள் தெளிவாக எழுதினால் வகுப்பில் வாசித்துக் காட்டுவேன்.

மறுமொழி: நானுஓயா வாசகர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். அமெரிக்க வழக்கத்தைப் பற்றிய கேள்வி என்பதால் முதலில் அதைப் பற்றிச் சொல்கிறேன். தெருவில் காணும் அந்நியர் நன்றி சொல்லும் அந்த வழக்கம் அங்கும் பழைமையானதன்று. அந்நாட்டில் முதலில் எழுந்தது கடனைப் பற்றிய பேச்சே. உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், 1865 ஆம் ஆண்டில், இரண்டாம் முறை பதவியேற்ற ஆபிரகாம் லிங்கன், போரைச் சுமந்தவனையும் அவனுடைய விதவையையும் அநாதைப் பிள்ளையையும் பராமரிப்பது நாட்டின் பொறுப்பு என்று தமது உரையில் குறிப்பிட்டார்.

அந்தப் பொறுப்பு எப்போதும் நிறைவேறிவிடவில்லை. முதலாம் உலக யுத்தத்தில் போரிட்டவர்களுக்கு ஊக்கத்தொகை வழங்குவதாக 1924 ஆம் ஆண்டில் சட்டம் இயற்றி, அந்தப் பணம் 1945 ஆம் ஆண்டிலேயே கைக்கு வரும் என்று எழுதி வைத்தார்கள். இடையில் பெரும் பொருளாதார மந்தம் வந்தது. வேலையின்றிப் பட்டினி கிடந்த முன்னாள் வீரர்கள் 1932 ஆம் ஆண்டில் ஆயிரக்கணக்கில் குடும்பத்தோடு வொஷிங்டன் நகருக்கு வந்து, குடிசை போட்டுத் தங்கி, பணத்தை இப்போதே தாருங்கள் என்று கேட்டபோது, அவர்கள் முன்பு எந்த இராணுவத்தில் பணியாற்றினார்களோ அதே இராணுவம் வந்து அவர்களை விரட்டியது, குடிசைகள் எரிந்தன. அந்த அவமானம் மறக்கப்படாமல் இருந்ததும் 1944 ஆம் ஆண்டுச் சட்டம் பிறப்பதற்கு ஒரு காரணம். போரிலிருந்து திரும்பியவருக்குப் பல்கலைக்கழகக் கட்டணம், வீடு வாங்க அரசின் உத்தரவாதத்தோடு கடன், வேலை கிடைக்கும் வரை கொடுப்பனவு ஆகியவற்றை அது தந்தது. ஆனால் அதை நடைமுறைப்படுத்திய உள்ளூர் அலுவலகங்களும் வங்கிகளும் கறுப்பின வீரர்கள் பலருக்கு அந்த நன்மைகள் சென்று சேராதபடி பார்த்துக்கொண்டன. சட்டத்தில் உரிமை இருந்தும் அதிகாரியின் மேசையில் அது மறைந்துபோவது எப்படி என்பதை நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் உலக யுத்தத்தில் அந்நாட்டில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டோர் சீருடை அணிந்தார்கள். வீட்டுக்கு ஒருவர் போய் வந்த காலம் அது. யார் யாருக்கு நன்றி சொல்வது? வியட்நாம் போருக்குப் பிறகுதான் நிலைமை மாறியது. கட்டாய ஆட்சேர்ப்பு 1973 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அன்று தொடக்கம் விரும்பிச் சேர்ந்தவர்கள் மட்டுமே போருக்குப் போகிறார்கள். இன்று சேவையில் இருப்பவர்கள் அந்நாட்டு மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. வியட்நாமிலிருந்து திரும்பியவர்களை ஏறெடுத்தும் பார்க்காமல் விட்டோமே என்ற உறுத்தலும், போர் நடப்பதே தெரியாமல் நாம் வாழ நம் சார்பில் வேறு யாரோ போகிறார்கள் என்ற கூச்சமும் சேர்ந்தே அந்த வார்த்தையைப் பரவலாக்கின என்பது என் கருத்து. அதில் பொய் இல்லை. ஆனால் அதைச் சொன்னவுடன் பேச்சு முடிந்துவிடுகிறது. எந்தப் போருக்கு, எதற்காக அனுப்பினோம், திரும்பி வந்தவருக்கு உறக்கம் வருகிறதா என்ற கேள்விகளெல்லாம் அந்தக் கைகுலுக்கலோடு நின்றுவிடுகின்றன. 1944 ஆம் ஆண்டுச் சட்டம் செய்ததில் நூற்றில் ஒரு பங்கைக்கூட அந்த வார்த்தையால் செய்ய முடியாது.

மறுமொழி: மாத்தளைச் சகோதரி

உங்கள் வகுப்பில் எழுந்து கேட்ட அந்த மாணவனின் இடத்திலிருந்து எழுதுகிறேன். என் தம்பி கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நின்றவன். தோட்டத்துப் பையன்கள் சாதாரணதரப் பரீட்சை முடிந்ததும் போகும் அதே வழியில்தான் அவனும் போனான். யுத்தம் கடுமையாக இருந்த காலத்தில் ஒரு சோதனைச் சாவடியில் அவனை இறக்கினார்கள். அடையாள அட்டையில் தோட்டத்து முகவரி. பேச்சில் சிங்களம் திக்கியது. அவ்வளவு போதுமாக இருந்தது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் நீண்ட காலம் தடுத்து வைக்கப்பட்டு, வழக்கு ஏதும் இன்றி விடுவிக்கப்பட்டான். இன்றுவரை பஸ்ஸில் சன்னலோரம் உட்கார மாட்டான். தற்காலிகமாகக் கொண்டுவந்த அந்தச் சட்டம் 1979 ஆம் ஆண்டிலிருந்து எத்தனை வீடுகளுக்குள் புகுந்து வந்திருக்கிறது என்பதை ஆசிரியை அவர்கள் அறிவார்கள். 2000 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில், அரசின் பொறுப்பில் இருந்த தமிழ் இளைஞர்கள் 20 க்கும் மேற்பட்டோர் கும்பலால் கொல்லப்பட்டபோது காவலுக்கு நின்ற பொலிஸார் தடுக்கவில்லை. அங்கே நின்றது இராணுவம் அன்று என்பதை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் சீருடையைப் பார்த்தால் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நன்றி என்ற நினைவு எழாது. எழ வேண்டும் என்று எவரும் கட்டளையிடவும் முடியாது.

இவ்வளவையும் சொன்ன பிறகு இதையும் சொல்கிறேன். கை கால் இழந்த ஒரு சிப்பாய்க்கு ஓய்வூதியம் கொடுக்க வேண்டுமா என்று என்னைக் கேட்டால், கொடுக்க வேண்டும் என்பேன். நான் வாங்கும் சீனியிலும் மாவிலும் வரி இருக்கிறது. அந்த வரியிலிருந்து அவருக்குப் போகட்டும். அவரை அனுப்பிய அரசு என் பெயரிலும்தான் அனுப்பியது, என்னைக் கேட்காமலே. கேட்காமல் வாங்கிய கடனாக இருந்தாலும் வீட்டின் பெயரில் வாங்கிவிட்டால் அடைக்கத்தானே வேண்டும்? ஆனால் கடனை அடைப்பவள் கைகூப்பி நிற்கவும் வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். நன்றி என்பது என் மனத்திலிருந்து வர வேண்டியது. அதை வரவழைக்க முதலில் செய்யப்பட வேண்டியவை பல உள்ளன. என் தம்பியிடம் ஒருவராவது வந்து, நடந்தது தவறு என்று சொல்வது அவற்றில் ஒன்று.

மறுமொழி: முன்னாள் சிப்பாய், பதுளை மாவட்டம்

மாத்தளை அக்காவுக்கும் ஆசிரியை அவர்களுக்கும் வணக்கம். என் தகப்பனார் தோட்டத் தொழிலாளி, தாயார் சிங்களவர். 1990களில் இராணுவத்தில் சேர்ந்தேன். வாகனங்கள் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்தேன். வடக்கில் பழுதாகி நின்ற ஒரு பவுசரை மீட்கப் போன இடத்தில் மிதிவெடியில் வலது காலை இழந்தேன், முழங்காலுக்குக் கீழே.

நான் நாட்டுப்பற்றினால் மட்டும் சேர்ந்தேன் என்று சொன்னால் அது உண்மையாகாது. மாதச் சம்பளம், வீட்டுக்கு அனுப்பப் பணம், தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்வரை காத்து நிற்கத் தேவையில்லாத ஒரு வேலை. என்னோடு பயிற்சி பெற்றவர்கள் மொனராகலை, வெல்லவாய, சியம்பலாண்டுவப் பக்கத்துப் பிள்ளைகள். அவர்களுக்கும் இதே கதைதான். மழை பொய்த்தால் சேனைப் பயிர்நிலத்தில் ஒன்றுமில்லை. எங்களை அனுப்பத் தீர்மானித்தவர்களின் பிள்ளைகளை அந்தப் பயிற்சி முகாமில் நான் கண்டதில்லை. “விரும்பித்தானே போனீர்கள், பிறகு என்ன கடன்?” என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் பதிலாகச் சொல்ல விரும்புகிறேன். வேறு வழி உள்ளவன் விரும்புவதும் வழியில்லாதவன் விரும்புவதும் ஒன்றாகாது.

என் கால் எப்படி இருக்கிறது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. ஆகவே இங்கே எழுதுகிறேன். எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, போக வீதியிலிருந்து கல்லுப்படி ஏற வேண்டும். மழைக்காலத்தில் படியில் பாசி பிடித்துவிடும். செயற்கைக் காலின் பாதத்துக்கு அந்த வழுக்கல் தெரியாது. தொடை இறுகும்போதுதான் எனக்குத் தெரியும். வெட்டிய காலின் சதை ஆண்டு போகப் போகச் சுருங்கும். பொருத்தும் கிண்ணம் அப்போது தளர்ந்துவிடும். உள்ளே துணி சுற்றிக்கொண்டு நடந்தால் தோல் உரியும். உரிந்த இடம் இந்தக் குளிரில் காயாது. காலைப் பொருத்தினால் புண், பொருத்தாவிட்டால் வேலை இல்லை. கிண்ணத்தை மாற்றுவதற்கு விடியற்காலையில் பஸ் ஏறி வெளி மாவட்டத்துக்குப் போக வேண்டும். ஒரு தடவை ஓர் அலுவலகத்தில் என் விண்ணப்பத்தைத் திருப்பித் தந்தார்கள். தமிழில் நிரப்பியிருந்தேன் என்பதுதான் காரணம். அதே கட்டடத்தின் முகப்பில் வீரர்களுக்கு நன்றி கூறும் பெரிய பதாகை தொங்கிக்கொண்டிருந்தது.

ஒவ்வோர் ஆண்டும் யுத்த முடிவை நினைவுகூரும் மே 19 ஆம் திகதி தொலைக்காட்சியில் எங்களைப் போற்றுகிறார்கள். காயமடைந்து, 12 ஆண்டுச் சேவையை நிறைவு செய்யாமலே ஓய்வு பெற வேண்டியிருந்தவர்கள் ஓய்வூதியம் கேட்டு 2017 ஆம் ஆண்டில் கொழும்பில் வீதியோரத்தில் உட்கார்ந்தபோது, போற்றியவர்களில் எத்தனை பேர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள்? ஆகவே ஆசிரியை அவர்களே, உங்கள் மாணவி என்னைக் கண்டு நன்றி சொன்னால் நான் மகிழ்வேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் வளர்ந்து ஓர் அலுவலகத்தில் மேசைக்கு அந்தப்பக்கம் உட்காரும் நாளில் என் போன்ற ஒருவனின் கடிதத்தை அவனுடைய மொழியிலேயே வாங்கிக்கொள்வாளானால் அதை நான் பெரிதாக மதிப்பேன்.

மாத்தளை அக்கா, உங்களிடம் நான் நன்றியை எதிர்பார்க்கவில்லை. உங்கள் தம்பிக்கு நடந்ததற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் ஒரு நாள் பதில் சொன்னால் என் காலின் மதிப்பு அதனால் குறைந்துவிடாது. அதைக் கேட்பதே இராணுவத்தை அவமதிப்பது என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு எங்களைப் போன்றவர்கள் ஒரு மறைப்பாகப் பயன்படுகிறோம். எனக்கு அதில் விருப்பமில்லை.

மறுமொழி: கண்டி நகரத்துக்காரர்

கண்டியில் பொதுநலவாய யுத்தக் கல்லறைகள் ஆணைக்குழு பராமரிக்கும் ஒரு மயானம் இருக்கிறது. இரண்டாம் உலக யுத்தகாலத்தில் இறந்த பிரித்தானியர், கிழக்கு ஆபிரிக்கர், இந்தியர், இலங்கையர் எனச் சுமார் 200 பேர் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அதிகாரி, சிப்பாய் என்ற வேறுபாடின்றி ஒரே விதமான கற்கள். வெட்டிச் சீர்செய்த புல். வேற்று நாட்டில் இறந்த ஆபிரிக்கச் சிப்பாயின் பெயரை எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் ஒருவர் துடைத்துச் சுத்தமாக வைத்திருப்பதைப் பார்க்கும்போது, கடனை அடைப்பதென்றால் இப்படித்தான், ஆரவாரம் இல்லாமல், தவறாமல், என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் அதே பேரரசு உயிரோடிருந்தவர்களை எப்படி நடத்தியது என்பதையும் உங்கள் மாணவர்கள் அறிய வேண்டும். முதலாம் யுத்தம் முடிந்த நாளான நவம்பர் 11 ஆம் திகதியில் இந்நாட்டில் பொப்பி மலர் விற்றுச் சேர்த்த பணத்தின் பெரும்பகுதி பிரித்தானிய முன்னாள் வீரர்களுக்கே போனது. இலங்கை வீரர்களுக்குக் கிடைத்தது சொற்பம். அதை எதிர்த்து, அதே நாளில் பூவரசம் பூவை விற்று உள்ளூர் வீரர்களுக்கு உதவும் முயற்சியை ஏலியன் பெரேரா தொடங்கினார். அதுவே சூரியமல் இயக்கம். 1933 அளவில் அது இடதுசாரி இளைஞர்களின் கைக்கு வந்து ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமானது. 1934, 1935 ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோயின்போது அவர்கள்தான் மருந்தும் உணவும் சுமந்துகொண்டு கிராமங்களுக்குள் போனார்கள். நன்றியின் பெயரால் சேரும் பணம் யாருடைய கைக்குப் போகிறது என்று கேட்டவர்கள் இவர்கள்.

நம் முன்னோரிடமும் இதற்கு ஒரு முறை இருந்தது. போரில் விழுந்தவனுக்கு நடுகல் நாட்டி, பெயரும் பீடும் எழுதினார்கள் என்பது நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிப்பதுதான். அத்தோடு அவர்கள் நிற்கவில்லை. அவன் குடும்பம் பிழைக்க உதிரப்பட்டி என்ற பெயரில் நிலம் விட்டுக்கொடுத்ததைத் தமிழகத்துக் கல்வெட்டுகள் சொல்கின்றன. கல் நினைவுக்கு, நிலம் வயிற்றுக்கு. இன்று நாம் கல்லை மட்டும் பெரிதாக நாட்டிவிட்டு நிலத்தை மறந்துவிட்டோம். அதுவும் ஒரு தரப்பின் தாய்மாருக்கு மட்டுமே கல். வடக்கில் பிள்ளையை இழந்தவள் ஒரு விளக்கேற்றவும் அச்சப்பட்ட ஆண்டுகள் பல இருந்தன. இறந்தவனுக்காக அழும் உரிமையைத் தாய்க்கு மறுத்துவிட்டு, உயிரோடிருப்பவனுக்கு நன்றி சொல் என்று அவளிடம் கேட்கும் அரசின் குரலில் எனக்கு நம்பிக்கை இல்லை.

மறுமொழி: கொஸ்லந்தை

நான் சுருக்கமாக எழுதுகிறேன். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் புதைந்தபோது நான் அங்கே இருந்தேன். தேடுவதற்கு இராணுவத்தினர் வந்தார்கள். இடுப்பளவு சேற்றில் இறங்கிய பையன்களுக்கு இருபது வயதுகூட இருக்குமோ தெரியாது. மேலே மண் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. எங்கள் பெண்கள் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார்கள்; ஒரு பையன் கை முழுதும் சேறாக இருந்ததால் கோப்பையைப் பிடிக்க முடியாமல் நின்றான், என் பெரியம்மா அதை அவன் வாயருகில் பிடித்துக் குடிக்கவைத்தார். அவருக்குச் சிங்களம் தெரியாது. அவரிடம் போய் யாரும் நன்றி சொல்லச் சொல்லவில்லை.

மாத்தளைச் சகோதரி சொல்வதை நான் மறுக்கவில்லை; என் பெரியம்மாவின் வீட்டிலும் 1983 ஆம் ஆண்டில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறை நினைவில் இருக்கிறது. எங்கள் கண்முன்னே, எங்களுக்காகச் செய்யப்பட்டதற்கு நன்றி தானாக வந்தது. கண்ணுக்கு எட்டாத இடத்தில் எங்கள் பெயரில் செய்யப்பட்டதற்கு அது வருவதற்கு, முதலில் அங்கே என்ன நடந்தது என்பது எங்களுக்குத் தெரிய வேண்டும்.

வினா எழுப்பியவர்: பண்டாரவளை ஆசிரியை

எல்லோருக்கும் என் நன்றி. அந்த மாணவியின் கேள்விக்கு நான் சொல்லப்போகும் விடை ஓரளவு உருவாகிவிட்டது. நன்றியை எவரிடமிருந்தும் வசூலிக்க முடியாது. சொல்கிறவரைத் தடுக்கவும் கூடாது, சொல்லாதவரைத் துரோகி என்று பழிக்கவும் கூடாது. கடன் அப்படியன்று. மனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதைக் கொடுத்தாக வேண்டும்: காயத்துக்கு மருத்துவம், பிழைப்புக்கு ஓய்வூதியம், விண்ணப்பத்துக்கு அவரவர் மொழியில் பதில். எழுந்து கேட்ட மாணவனுக்கும் அதே அரசு ஒரு கடன் பட்டிருக்கிறது. அவனுடைய சித்தப்பாவுக்கு என்ன நடந்தது என்ற பதில். ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ளிப்போட வகுப்பில் நான் இடம் கொடுக்க மாட்டேன்.

பதுளை அண்ணனிடம் ஒரு வேண்டுகோள். எங்கள் பாடசாலைக்கு வந்து மாணவர்களோடு ஒரு பாடவேளை கதைக்க இயலுமா? மாத்தளைச் சகோதரி நேரில் வர விரும்பமாட்டார் என்பதை அறிவேன். ஒரு கடிதமாவது எழுதித் தந்தால் வாசிப்பேன்.

மறுமொழி: முன்னாள் சிப்பாய், பதுளை மாவட்டம்

வருகிறேன் டீச்சர். வகுப்பறை கீழ்த்தளத்தில் இருந்தால் நல்லது. மாலை, பொன்னாடை எதுவும் வேண்டாம். பிள்ளைகள் எதையும் கேட்கலாம், நான் யாரையாவது சுட்டேனா என்பதையும்.

மறுமொழி: மாத்தளைச் சகோதரி

கடிதம் எழுதித் தருகிறேன். தம்பியிடமும் கேட்டுவிட்டேன், பெயர் போடாமல் எழுதச் சொன்னான். ஒரு நிபந்தனை மட்டும்: இந்த அண்ணன் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் அதே பாடவேளையில் அதை வாசிக்க வேண்டும், வேறொரு நாளில் வேண்டாம்.